பெர்கனில் நெய் என்றால் வேண்டாம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்து கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். கோயில் மாதர் சங்கத்தில் நார்வே போய் வந்ததைச் சொல்லு சொல்லு என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டிப்பெரியாறில் கார் ஏறினேன். குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக நெடும்பாசேரி விமான நிலையம் நூற்று நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும். அங்கிருந்து மூன்று விமானம். எனக்கு நடக்கக் கால் நன்றாக இருந்தும், வழி தெரியாது என்று மகள் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வந்து என்னைப் பார்சல் மாதிரி தள்ளிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு பெர்கன். இறங்கியதுமே மழை. சுற்றி ஏழு மலை, மலை இடுக்கெல்லாம் மூடுபனி, சரிவில் வீடுகள். பெரியாறு ஓட வேண்டிய இடத்தில் கடல் கிடந்தது. மற்றபடி நம்ம ஊர்தான்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் ஸ்டெல்லா அங்கே நர்ஸ். மருமகன் அந்தோணிக்குக் கப்பலில் வேலை. மூத்த பேத்தி ஜெனி பிறந்தபோது அவர் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். ஸ்டெல்லா ஒத்தையில் பெற்றாள். அந்த ஊரில் பிரசவ அறைக்குள் புருஷனும் கூட நிற்கலாம். இந்த இரண்டாவது பிரசவத்துக்கு அவர் கூட நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஆனால் ஜெனியைக் காலையில் அங்கன்வாடியில் விட்டு, சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டி வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

போய்ச் சேர்ந்த அன்று இராத்திரிச் சாப்பாட்டில் ஸ்டெல்லா கேட்டாள். "ஏம்மா, ஒத்தையில போயிட்டு வந்துருவியா?"

"என்னால ஆவாதுட்டி. வழி மாறி நின்னேன்னா யார்ட்ட போயி கேக்க?"

"பயப்படாதீய அத்தை. நான் பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுலயே இருந்துக்கிடுதேன்" என்றார் மருமகன். ஸ்டெல்லா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இந்தத் தடவையும் அவள் ஒத்தையில்தான் பெற வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கீழ்வீட்டு பெரித் என்னை அழைத்துப் போனாள். மீன் டப்பா அடைக்கும் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஸ்டெல்லாதான் அவளிடம் ஊரைக் காட்டச் சொல்லியிருந்தாள். நான் அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். அவள் அதை என் பெயர் என்று எடுத்துக்கொண்டாள். வழியில் பார்த்த ஆட்களிடமெல்லாம் என்னைக் காட்டி 'அக்கா' என்று சொல்லி அறிமுகப்படுத்தினாள். எஸ்டேட்டில் கேட்ட இங்கிலீஷ் பத்திருபது வார்த்தை எனக்குத் தெரியும். அதை வைத்தே ஓட்டினோம்.

முதலில் தன் வீட்டு அடுக்களையில் கெட்டிலைத் தூக்கிக் காட்டி "தே?" என்றாள். தேயிலைக்கு அவர்கள் பேச்சிலும் தே! நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளினவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? குடித்ததும் அந்தச் சின்னப் பையைப் பிய்த்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். முழுக்க டஸ்ட்டு. அவள் சிரித்தாள். கோப்பையைக் கழுவப் போனேன். "நெய், நெய்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாவம், நெய் கேட்கிறாளே என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஸ்டெல்லாவின் பத்தியச் சாப்பாட்டுக்காக ஊரிலிருந்து உருக்கிக் கொண்டுபோன நெய்யில் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று அவள் மறுபடியும் "நெய், நெய்" என்றாள். அதுதான் கொடுக்கிறேனே என்று நானும் விடவில்லை. வாசலில் ரொம்ப நேரம் இழுபறி. கடைசியில் ஜெனிதான் வந்து, "அம்மாச்சி, நெய்ன்னா வேண்டாம்னு அர்த்தம்" என்றாள். அதற்குள் பெரித் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டாள். அப்புறம் திருப்பித் தரவில்லை.

பெரித் காட்டிய ஊரைச் சொல்கிறேன். கம்பி இழுக்கும் ரயிலில் ஃப்ளோயன் மலைக்கு ஏறினோம். பத்து நிமிஷம்கூட ஆகாது, வயசானவர்களுக்குப் போக மட்டும் எழுபத்தைந்து குரோனர் என்று ஞாபகம். மேலே வெள்ளாடுகள் மேய்கின்றன, விரட்ட ஆள் இல்லை. இறங்கும்போது நடந்தே வாருங்கள்; காட்டுப் பாதை, காசு கிடையாது. கடற்கரை மீன் சந்தை பார்க்க மட்டும்தான். அங்கே விலை வெளியூர்க்காரர்களுக்கு என்று பெரித் மூக்கைச் சுளித்தாள். பின்தெருவில் ஒரு சின்னக் கடையில் சுடச்சுட மீன் வடை வாங்கித் தந்தாள். ஒன்று முப்பத்தைந்து குரோனர், நம் பணத்துக்கு முந்நூறு ரூபாய் போல. உப்பு குறைவு, ருசி உண்டு. ப்ரிக்கன் என்ற இடத்தில் பழைய மர வீடுகள் நம் எஸ்டேட் லயத்து வீடுகள் போலவே சுவரோடு சுவர் ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. எல்லாம் மரம் என்பதால் அந்தக் காலத்தில் உள்ளே அடுப்பு மூட்ட விடமாட்டார்களாம்.

ரோட்டைத் தாண்டுவதுதான் எனக்குப் பாடு. அங்கே வண்டி ரோட்டின் வலப்பக்கமாக ஓடுகிறது, நான் மறுபக்கம் பார்ப்பேன். கோடு போட்ட இடத்தில், கார்க்காரர் போகட்டும் என்று நான் நிற்பேன். நான் போகட்டும் என்று அவர் நிற்பார். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்போம். பெரித் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

அங்கன்வாடி வழியையும் மூன்று தடவை காட்டினாள். வீட்டிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர். நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, சிவப்பு வீட்டில் திரும்பி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவள் கூட வரும்போது எல்லாம் தெரிந்தது. தனியாக என்று நினைத்தால் மனசுக்குள் ஒன்றுமே இல்லை.

வியாழக்கிழமை. ஸ்டெல்லா படுத்திருந்தாள், அந்தோணி கடைக்குப் போயிருந்தார். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின மூன்று நாளும் சாயங்காலம் நாலு மணிக்குச் சுற்றுலாக் கப்பல் ஒன்று புறப்படும்போது ஊதியது. நம் தேயிலைப் பாக்டரிச் சங்கு மாதிரியே இருக்கும். அன்றும் ஊதியது. வானம் காலையிலிருந்து ஒரே சாம்பல் நிறம், மணி தெரியவில்லை. கடிகாரம் பார்க்கத் தோன்றவே இல்லை. சங்கு ஊதினால் எழுந்து ஓடிப் பழகிய கால். பிள்ளை காத்து நிற்குமே என்று கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன்.

படியை எண்ணவில்லை. கார் நின்றது, நான் தாண்டினேன். சிவப்பு வீடு, கடல், பச்சை வேலி. மழையில் பிள்ளைகள் கழுத்து முதல் கால்வரை ரப்பர் உடுப்போடு, கொழுந்து கிள்ளும் பெண்கள் மழைக்குப் பிளாஸ்டிக் படங்கு கட்டின மாதிரி, சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனியைக் கூப்பிட்டேன். டீச்சர் சன்னல் வழியே உள்ளே சுவர்க் கடிகாரத்தைக் காட்டி "நெய், நெய்" என்றாள். மணி பன்னிரண்டே கால். ஊதினது வேறு கப்பல்.

அப்போதுதான் என் பக்கத்தில் பெரித் இல்லை என்பதே தெரிந்தது. கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது.

டீச்சர் உட்காரவைத்துக் காப்பி தந்தாள். திரும்பி வந்தபோது அந்தோணி தேடக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எட்டரைக்கு நான் ஜெனியை விட்டேன், நாலு மணிக்குக் கடிகாரம் பார்த்துக் கூட்டி வந்தேன். ஐந்தே காலுக்கு போன் வந்தது.

"அத்தை, பையன். நான் கூடவே நின்னேன்" என்றார் அந்தோணி. அப்புறம், "ஒத்தையில போவையில பயமாருந்துச்சா?" என்றார்.

"நெய்" என்றேன். பின்னால் ஸ்டெல்லா சிரிப்பது கேட்டது.

மூன்று மாதம் முடிந்து கிளம்பும்போது சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே வந்து முதல் நாள் பாக்டரிச் சங்கு ஊதியபோது, கடல் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் தேடினேன்.

நான் எழுதிய விலையும் தூரமும் சரியா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். படி நூற்றுப் பன்னிரண்டா, பதின்மூன்றா என்பதில் இப்போது சந்தேகம். யாராவது போனால் எண்ணிச் சொல்லுங்கள். போகும்போது கீழ்வீட்டு பெரித்துக்கு ஒரு பாட்டில் நெய் கொண்டுபோங்கள். நெய், நெய் என்பாள். கொடுத்துவிட்டு வாருங்கள்.