ஓவர்லோடு கிட்டாரும் எங்கள் அண்ணனும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. அண்ணனோடு லிஃப்ட் வேலை பார்க்கும் மெக்கானிக்தான் போன் செய்தார். "அண்ணன் மோட்டார் ரூம்லயே சாஞ்சுட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கி, "லிஃப்ட் ஓடுதுங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருடம் அண்ணன் லிஃப்ட் பழுது பார்த்தார். அது சம்பளத்துக்கு. நடிகர்களிலும் பின்னணி இசையிலும் ராக் கிட்டார்காரர்களிலும் பழுது கண்டுபிடிப்பதுதான் அவருடைய நிஜமான உத்தியோகம். யாரும் கொடுக்காத வேலை என்பதால் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை.

தொழில் வேறு, ரசனை வேறு என்றெல்லாம் அவர் பிரித்துப் பார்த்ததில்லை. அறுபது வயதில் கல்லூரி மாணவனாக நடித்த ஒரு கதாநாயகனைப் பற்றி, "மூணு மாடிதான் போகும், பட்டன் மட்டும் பத்து வரைக்கும் வச்சிருக்காங்க," என்றார். இன்னொருவர் அழும் காட்சியில், தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, "கதவு பாதிதான் தொறக்குது," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். பின்னணி இசை இன்னும் மோசமாக மாட்டிக்கொள்ளும். "ஒருத்தி கண்ணைத் தொடைக்கிறதுக்கு அறுபது வயலினா? ஒரு கைக்குட்டை குடுத்தாப் போதாது?" தியேட்டரில் தனக்கும் அவருக்கும் நடுவில் அண்ணி என்னை உட்கார வைப்பார். இருபது வருடம் அந்தக் குடும்பத்துக்கு நான்தான் இடிதாங்கி.

ஆனால் அத்தனை பேரும் தப்பித்தார்கள் என்று சொல்ல வைத்தவர் ஒரு நீளமுடிக் கிட்டார்காரர். மேடையில் பதினோரு நிமிடம் நிறுத்தாமல் வாசித்த ஒரு பதிவு. பிறந்தநாள் விருந்தோ பல்வலியோ, எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். "ஓவர்லோடு. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, ஒருத்தனும் எறங்க மாட்டேங்கிறான்."

அன்று சாயங்காலம் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மறுநாள் காலையில் அவரை எடுத்துப் போவதற்கு முன்னால், கம்பெனி ஆட்கள் எல்லோரும் வந்திருக்கும்போது, அவருக்குப் பிடித்த இசை ஒன்று ஒலிக்க வேண்டுமாம். "உங்களுக்குத்தான் தெரியும் தம்பி. தப்பா மட்டும் போட்டுடாதீங்க. படுத்துக்கிட்டே திட்டுவாரு."

பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவருக்குப் பிடிக்காதவை என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூறு சொல்வேன். பிடித்தது ஒன்று? கல்லூரியில் படித்தவன் நான், பக்கத்து சீட்டிலேயே இருபது வருடம் இருந்தவன். ஒன்றுகூடத் தெரியவில்லை.

வாசலில் நின்ற மெக்கானிக்கைக் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. அந்தப் பதினோரு நிமிடக் கிட்டார்தான் என்றார்.

"அதைத் திட்டத்தானே செய்வாரு?"

"திட்டுவாருங்க. வேற எதைப் பத்தியும் அவரு அவ்வளவு நேரம் பேசி நாங்க கேட்டதில்ல."

இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனேன். அலமாரியில் கேசட்டுகள் வரிசையாகத் தூசி படிந்து கிடந்தன. ஒரு பெட்டி மட்டும் கை பட்டுப் பட்டுப் பளபளப்பாக இருந்தது, அட்டையில் அந்த நீளமுடிக் கிட்டார்காரர். உள்ளே கேசட் இல்லை. மேசை இழுப்பறையில் அதே பதிவின் இரண்டு பழைய கேசட்டுகள், ஓடி ஓடி நாடா அறுந்தவை. மூன்றாவது, மேசைமேல் இருந்த டேப் ரிக்கார்டருக்குள். தேய்ந்த பெல்ட்டை மாற்ற அண்ணன் அதன் பின்மூடியைக் கழற்றியிருந்தார். புது பெல்ட் ஏறியிருந்தது, மூடியும் அரைகுறையாகத் திரும்ப மாட்டியிருந்தது.

கேசட் அட்டையின் பின்பக்கம் அவருடைய கையெழுத்து. நீல மையில், "ஏழாவது நிமிஷம்: இங்க நிறுத்தியிருக்கலாம்." அதற்குக் கீழே, வேறொரு வருடத்தின் கறுப்பு மையில், "நிறுத்தாததும் சரிதான்."

முப்பத்தொரு வருடத்தில் அவர் வழங்கிய ஒரே பாராட்டு. அதையும் யாருக்கும் தெரியாத இடத்தில் எழுதிவைத்திருக்கிறார், மகா கஞ்சன்.

காலையில் அந்த ரிக்கார்டரையே தூக்கிப்போய்க் கூடத்தில் வைத்து ஓடவிட்டேன். நாலாவது நிமிடத்தில் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது நிமிடத்தில், "இது முடியுமா முடியாதாப்பா?" என்று என் காதைக் கடித்தார். யாரும் இறங்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் கிட்டார் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. அண்ணி கைக்குட்டையை எடுத்தார். வயலின் தேவைப்படவில்லை.

ரிக்கார்டர் இப்போது மறுபடியும் அவர் மேசையில் இருக்கிறது. அதன் பின்மூடிக்கு நாலு ஸ்குரூ. அண்ணன் இரண்டைத்தான் முடுக்கியிருந்தார். மற்ற இரண்டும் ஸ்குரூடிரைவருக்குப் பக்கத்தில், ஒரு சாசரில் கிடக்கின்றன.