சிறுவம்பட்டு அணைக்கு ஒரு லோடு களிமண்

விடிகாலை ஐந்தரை மணிக்கு விருத்தாசலத்தை விட்டுக் கிளம்பினோம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. லாரி நிறையக் களிமண், மேலே தார்ப்பாய். ஓட்டியவர் ஜோசப், பக்கத்தில் நான். பீங்கான் தொழிற்பேட்டையில் ஊறுகாய் ஜாடியும் காப்பிக் கோப்பையும் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. ஒரு பிடி களிமண்ணை உருட்டிப் பார்த்தே, சூளையில் நிற்குமா வெடிக்குமா என்று சொல்லிவிடுவேன் என்கிற தலைக்கனம் எனக்கு உண்டு. அன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

காரணம், முந்தின நாள் சாயங்காலம் திட்டக்குடி பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்த துண்டுச்சீட்டு. என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர் ராமலிங்கம் எழுதியிருந்தார்: “கரை அடியில் தண்ணீர் கசிகிறது. உங்கள் நல்ல களிமண் ஒரு லோடு உடனே வேண்டும்.” சிறுவம்பட்டு மண் அணைக்கு நேர் கீழே, முதல் தெருவில் அவர்கள் வீடு. எங்களுக்கு அம்மா இல்லாததால் செல்விக்குப் பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடந்திருந்தது. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்.

ஏழு மணிக்குப் பெண்ணாடம். பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். ஊருக்கு வெளியே ஒரு கரும்பு டிராக்டர் சேற்றில் இறங்கிப் பாதையை மறித்துக்கொண்டு கிடந்தது. நாற்பது நிமிஷம் நின்றோம். பதினைந்து காசுக்கு ஒரு டீ குடித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

“கவலப்படாதீங்க சார், கரையெல்லாம் லேசுல போவாது” என்றார் ஜோசப்.

“உங்களுக்கென்ன, உங்க தங்கச்சியா அங்க இருக்குது?” என்று எரிந்து விழுந்தேன். அவர் துணியை எடுத்து லாரிக் கண்ணாடியைத் துடைத்தார்.

திட்டக்குடி சாலையில் எட்டு கிலோமீட்டர் போய், வலது பக்கம் மண் பாதையில் மூன்று கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு அணை தெரிந்தது. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லும் சிமெண்டும் மதகில் மட்டும்தான். மற்றபடி ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேடு வரை அரை மைலுக்கு வெறும் மண் கரை, முப்பதடி உயரம். சுற்றியுள்ள ஒன்பது ஊருக்கும் இதுதான் குடிதண்ணீர். இதைக் கட்டுவதற்கு முன்னால் உப்புக் கிணற்றைத்தான் நம்பிக் கிடந்தார்கள். கரைமேல் ஏறி நின்றேன். ஒரு பக்கம் உச்சிக்கு இரண்டடி கீழே தளும்புகிற தண்ணீர். மறுபக்கம் ரொம்பக் கீழே என் தங்கை வீட்டுக் கூரை.

கரையைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க ஆள் மதகை முழுக்கத் திறந்துவிட்டு, அதிகாரியைக் கூட்டிவர சைக்கிளில் திட்டக்குடிக்குப் போயிருந்தார். கரையடியில் முப்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். விரல் தடிமனுக்குத் தண்ணீர் சுரந்து ஓடிக்கொண்டிருந்தது.

“மச்சான், வந்துட்டீங்களா!” என்று ராமலிங்கம் ஓடிவந்தார். அவர் கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களை ஏவத் தொடங்கினேன். அப்போது ஒரு அம்மாள் குறுக்கே வந்தார். அஞ்சலை என்று பெயர், நாற்பது வயதிருக்கும். இந்த அணை கட்டியபோது ஐந்து வருஷம் இங்கே மண் சுமந்தவராம்.

“களிமண்ண வச்சி அடைக்காதீங்க. தண்ணி தெளிவாத்தானே வருது? அதும் பாட்டுக்குப் போவட்டும். அடைச்சா வேற பக்கம் பிச்சிக்கும்.”

“களிமண்ணைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றீங்களா? என் தொழிலே அதுதான்” என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் ஒதுங்கிப்போய் நின்றார்.

கூடை கூடையாகக் கொட்டி, மிதித்து, தடியால் அடித்துக் கெட்டித்தோம். பத்து மணிக்குக் கசிவு சுத்தமாக நின்றது. ஆட்கள் கூவினார்கள். நான் செல்வி வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். செல்வி என் பட்டறைக் கோப்பையிலேயே காப்பி கொடுத்தாள். “நீ வந்ததும்தான்ணே உசுரு வந்துச்சி” என்றாள். அந்தக் காப்பி நன்றாக இறங்கியது.

பாதி குடிப்பதற்குள் வெளியே சத்தம். கோப்பையோடே ஓடினேன். நாங்கள் அடைத்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் முழங்கால் உயரத்துக்குக் கொப்பளித்தது. மிச்சக் காப்பியைக் கொட்டிவிட்டுக் கோப்பையில் அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். பழுப்பு நிறம், சற்று நேரத்தில் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்தது. வருவது தண்ணீர் மட்டுமில்லை, கரையும் உள்ளுக்குள் கரைந்து வருகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிலர் வீட்டைப் பார்க்க ஓடினார்கள்.

அஞ்சலை ஓடவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“போட்டதெல்லாம் தோண்டி எடுங்க. மொதல்ல மணலு, அதும்மேல ஜல்லி, அதும்மேல கல்லு. தண்ணி வரணும், மண்ணு வரக்கூடாது. கட்டறப்ப கரையடி பூரா அப்பிடித்தான் கொட்டுனோம். இந்த மூலையிலதான் அவசரத்துல வுட்டுட்டாங்க.”

இந்தத் தடவை, அவர் சொன்னபடி செய்யுங்கள் என்று ஆட்களிடம் சொன்னேன். மணலும் கல்லும் பக்கத்து ஓடையில் இருந்தன. ஜல்லிதான் இல்லை, மெயின் ரோட்டோரம் சாலை வேலைக்குக் குவித்திருப்பதை வரும்போது பார்த்ததாக ஜோசப் சொன்னார். “யாரு கேட்டாலும் நான் பாத்துக்கறேன்” என்று லாரியில் பாய்ந்து ஏறினார்.

“செல்வியும் குழந்தையும் உங்களோட வரட்டும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

செல்வியின் மாமியார் வாசலை மறித்தார். “பச்ச ஒடம்புக்காரி! இந்த ஈரக்காத்துல வெளிய போனா ஜன்னி கண்டுடும்.”

“அத்தே, காத்து படறதப் பத்தி அப்புறம் பேசலாம். நீங்களும் ஏறுங்க” என்றேன். செல்வி காதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, குழந்தையை மாரோடு அணைத்தபடி சேற்றில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே மாமியாரும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். லாரி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றிலிருந்து இரண்டரை வரை யாரும் நிமிரவில்லை. நான் கெட்டித்த களிமண்ணை நானே வெட்டி எடுத்தேன். பெண்கள் ஓடையிலிருந்து வரிசையாக நின்று மணல் கூடையைக் கைமாற்றினார்கள். முதல் இருபது கூடையைத் தண்ணீர் அப்படியே அடித்துக்கொண்டு போனது. ராமலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “எழுந்திரு தம்பி, இன்னும் கொட்டு” என்றார் அஞ்சலை. ஜோசப் இரண்டு நடை ஜல்லி கொண்டுவந்தார். மணலும், அதன்மேல் ஜல்லியும் கல்லும் விழ விழ, கொப்பளிப்பு அடங்கியது. தண்ணீர் நிற்கவில்லை, கல்லிடுக்கில் சளசளவென்று வந்துகொண்டே இருந்தது. கோப்பையில் பிடித்தேன். கலங்கல். கால் மணி கழித்து மறுபடி. கலங்கல். மூன்றேகால் மணிக்குப் பிடித்தபோது கோப்பையின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நாலு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, “களிமண்ணைத் தண்ணீர்ப் பக்கம் போடலாம். வெளிப்பக்கம் போட்டு வாயைக் கட்டியது யார்?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். “வைத்தியம் செய்தது?” அஞ்சலையைக் காட்டினார்கள். கரையடியில் விட்டுப்போன மூலையைப் பற்றி அஞ்சலை சொல்ல, அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டார். மதகு திறந்தே இருக்கும், தண்ணீர் ஐந்தடி இறங்கும்வரை ராத்திரி பகலாக ஒரு ஆள் கசிவைப் பார்க்க வேண்டும் என்றார். அஞ்சலை தானே பார்ப்பதாகச் சொன்னார்.

ஐந்து மணிக்குச் செல்வி, ஜோசப் இறக்கிவிட்டிருந்த மெயின் ரோட்டு டீக்கடையிலிருந்து லாரியில் திரும்பி வந்தாள். நான் லாரியை வாசலிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

“எறங்காத, புள்ள. அப்பிடியே விருத்தாசலம் போயிடலாம். தண்ணி எறங்குனதும் கொண்டாந்து வுடறேன்” என்றேன்.

செல்வி கரையைப் பார்த்தாள். கல்குவியல் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

“அங்க யாருண்ணே, அஞ்சலக்காவா?”

“ஆமாம்.”

“ராத்திரிக்கும் இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்ப நான் இங்கியே இருக்கேன், நீ போயிட்டு வாண்ணே” என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு இறங்கி வீட்டுக்குள் போனாள்.