மக்காமே மறைத்த படம்

ருகியா படங்களில் முகம் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சான்சிபாரில் கடலைப் பார்த்து நின்ற பழைய மாளிகை ஒன்றில் சின்ன ஆவணக் காப்பகம் இருந்தது. அங்கே புகைப்படங்களில் பூஞ்சை துடைப்பது அவள் வேலை. ஒரு பெட்டியை முடித்து இடுப்பை நிமிர்த்துவதற்குள், போன வருடம் துடைத்த பெட்டியில் மறுபடி பூத்திருக்கும். சுல்தானோ கூலிக்காரனோ, அவள் கண்ணுக்குப் பட்டது கறை மட்டுமே.

அந்த வருடம் இயக்குநர் நாசோர் சில படங்களைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். ஒன்றில் கிராம்புக் கூடையோடு ஓர் இளம்பெண் நின்றாள். மேலுக்குத் துணி இல்லை.

மக்காமே என்ற கிழ மீன்காரர் அதன் முன்னால் வந்து நின்றார். காவலாளி ருகியாவைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, இது எங்கம்மா. கழட்டிரு."

"எப்படிச் சொல்றீங்க, பெரியவரே?"

"அந்த நெத்தியப் பாரு. என் மகளுக்கும் அதே நெத்தி. படம் புடிச்ச வெள்ளைக்காரன் துணிய எடுத்துட்டு நிக்கச் சொன்னானாம். பக்கத்துல தோட்டத்து முதலாளி நின்னானாம். அம்மா ஒரே ஒரு தடவ சொன்னா. அப்புறம் செத்துப்போற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கல."

நாசோரிடம் போய்ச் சொன்னாள். "ஆளாளுக்கு வந்து எங்கம்மா எங்கத்தைன்னா, சுவத்துல என்னக்கா மிஞ்சும்?" என்று அவர் கையை விரித்தார்.

மறுநாள் மக்காமே பாயோடு வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தால் மறையவில்லை என்று எழுந்து நின்றார். பார்க்க வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். "அந்தப் பக்கம் கப்பல் படம் இருக்கு, போய்ப் பாரு தம்பி," என்றார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வந்தார். காவலாளி அவரைத் தொடத் தயங்கினான். சாயங்காலம் ஆனால் கிழவரின் கால்கள் வெடவெடவென்று ஆடின.

அதைப் பார்க்கப் பார்க்க ருகியாவுக்குத் தன் இடுப்பும் சேர்ந்து வலித்தது. பரிதாபமா, எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. தோளில் போட்டிருந்த கங்கா என்ற மேல்துணியை உருவி, படத்தில் கழுத்துக்குக் கீழே போர்த்தி ஊசி குத்தினாள்.

"போதுமா? வீட்டுக்குப் போங்க. உங்களுக்கும் முடியல, எனக்கும் முடியல."

மக்காமே துணியின் ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். பாயைச் சுருட்டினார்.

காலையில் நாசோர் கத்தினார். "யாரக் கேட்டுப் பண்ணினீங்க?"

"யாரையும் கேக்கல. வேணாம்னா நீங்களே எடுத்துருங்க, ஐயா."

அவர் துணியை உருவக் கையை உயர்த்திக்கொண்டு போனார். துணிக்கு மேலே அந்த முகம் மட்டும் தெரிந்தது. முகத்தை மட்டும் பார்க்க நேர்ந்தது அவருக்கு அதுதான் முதல்முறை போலும். கை இறங்கிவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும்," என்று முணுமுணுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

விஷயம் மீன் சந்தை வழியாக ஊருக்குள் பரவியது. கண்காட்சி முடிந்த பிறகும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருத்திக்குச் சித்தப்பாவின் படம் வேண்டும், இன்னொருவருக்குக் கடலில் போன அண்ணனுடையது. ருகியா பெட்டிகளை இறக்கினாள், ஏற்றினாள். பெரும்பாலும் யாரும் கிடைக்கவில்லை. அவர்கள் போன பிறகும் பூஞ்சை அப்படியே இருந்தது. இப்போது துடைப்பதற்கு முன் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டியிருந்ததால், வேலை முன்னைவிட மெதுவாகத்தான் நகர்ந்தது.