தணிகாசலம் சாரும் மூன்று சர்வர்களும்

கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே, காய்ச்சலோடு விட்டுவந்த மகளுக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்தது. எங்கள் கணினிப் பிரிவுத் தலைவர் தணிகாசலம் சார் மாரடைப்பில் காலமானார். அடுத்தடுத்துக் கூப்பிய கைகள். ‘மென்பொருள் மேதை’ என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

லோடு பிரிவு ஷீலா அக்கா அழைத்தார். “நீதான் நல்லா எழுதுவ. நாலு வரி எழுதிக் குடும்மா.”

“இன்னாக்கா எழுதறது?”

“செத்தவரப் பத்தி இன்னா எழுதுவாங்க? நல்லதுதான்.”

தாமதமாகத்தான் எழுதுகிறேன். நல்லதைத் தேட நேரமாகிவிட்டது.

எங்கள் கம்பி ஆலையின் லாரி லோடுகளைப் பதியும் இணையதளத்தை மூன்று சர்வர்கள் தாங்குகின்றன. லாகின் செய்தவர் யார் என்பதைச் சர்வர் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும், அதுதான் செஷன். தணிகாசலம் சார் அமைத்த முறையில், ஒரு சர்வருக்குத் தெரிந்த ஆளை அடுத்த சர்வருக்குத் தெரியாது. நெரிசலில் நம் கிளிக் வேறு சர்வருக்குப் போனால் மறுபடி லாகின் கேட்கும். பாதி அடித்த பதிவு காணாமல் போகும். கல்லூரி ஆய்வகத்திலேயே திருத்திவிடும் பிழை இது. அவரோ அதை ஆள் பிடிக்கும் கருவியாக்கிக்கொண்டார். “செஷன் போச்சுன்னா ஆளு சீட்ல இல்லன்னு அர்த்தம்” என்பார்.

பிரசவ விடுப்பு முடிந்து லோடு பதியும் வேலைக்கு நான் திரும்பியிருந்த சமயம். என்னை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும் கூட்டத்தில், நான் மறுபடி மறுபடி லாகின் செய்ததைத் திரையில் போட்டுக் காட்டினார்.

“அடிக்கடி எங்கம்மா போற? கொயந்தையாண்ட போன்ல கொஞ்சிக்கினு இருக்கியா?”

எல்லோரும் சிரித்தார்கள். பால் கட்டி வலித்தபோதும் நான் எழுந்திருக்காத நாட்கள் அவை.

“சார், நீங்களே உக்காந்து ஒரு லோடு போட்டுப் பாருங்க.”

உட்கார்ந்தார். வண்டி எண்ணை அடித்து அடுத்த பக்கம் போனார். லாகின் கேட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் கேட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. சார் கீபோர்டைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினார்.

“கீபோர்டு பேஜாரு பண்ணுது. வேற மாத்துங்கப்பா.”

மாற்றினார்கள். என் நிரந்தரம் தள்ளிப்போனது. செஷன்களை மூன்று சர்வர்களும் பார்க்கும் பொது இடத்தில் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, “நாலு எழுத்து படிச்சிட்டு வந்து எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?” என்றார்.

அவர் போனபின் அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். செஷன்களைப் பொது இடத்துக்கு மாற்ற ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. “யம்மா, இன்னிக்கு ஒருவாட்டிகூட வெளிய தள்ளலியே!” என்று ஷீலா அக்கா கூவினார். ஆனால் ‘சீட்டில் இருப்பதில்லை’ என்று சார் எழுதியது என் கோப்பில் இன்னும் இருக்கிறது. அதை நீக்கக் கேட்டிருக்கிறேன்.

அவர் வைத்ததில் ஒன்றை மட்டும் நான் தொடவில்லை. வாசலில் டிரைவர்கள் வரிசையாகப் பயன்படுத்தும் பொதுக் கணினியில் செஷன் சீக்கிரமே முடிந்துவிடும். “முன்னாடி வந்தவன் பேர்ல பின்னாடி வரவன் பூந்துடக் கூடாது” என்பார். அது சரிதான். நியாயமாக ஒப்புக்கொள்கிறேன்.

அன்று கழற்றிப் போட்ட கீபோர்டும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த அஞ்சலியை அதில்தான் அடித்தேன். ஒரு எழுத்தும் தவறவில்லை.