தாமசின் வீட்டு லாடம்

அடுப்பில் குதிரை லாடம் சிவக்கும்வரை தாமசின் பர்கிஸ் என்ற கிழவி யாரோடும் பேசமாட்டாள். சிவந்ததும் இடுக்கியால் எடுத்து, பாலேடு நிறைந்த, வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய்க்கு மேலே பிடித்து, ஒரு பெயரைச் சொல்லி உள்ளே போடுவாள். சுர்ரென்று சத்தம் வரும். அப்புறம் மத்தை இடிப்பாள். பெரும்பாலும் வெண்ணெய் திரண்டுவிடும்.

திரளாத வெண்ணெய்க்குக் காரணம் சூனியம். பெயர் சொல்லி லாடம் போட்டால், சூனியக்காரி எங்கிருந்தாலும் அவள் உடம்பில் சுடும். இங்கிலாந்தின் எசெக்ஸில் பால்மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். நான் ஆலைத் தச்சன். குளிரில் பாலேடு திரளாது, லாடத்தின் சூடுதான் திரட்டுகிறது என்று ஒருமுறை சொன்னேன்.

"அப்ப கோடையில ஏன்டா திரளல?"

அதிகச் சூட்டிலும் திரளாது என்றேன்.

"சூடுங்கற, குளிருங்கற. ஒண்ணுல நில்லுடா."

செத்துப்போன கணவனின் பூட்சைத்தான் போட்டிருப்பாள். அவள் வீட்டுக் கதவு இரண்டு பாதி. மேல்பாதி பேச்சுக்கு. கீழ்ப்பாதி எப்போதும் தாழிட்டிருக்கும்.

இத்தனை வருடமும் அவள் சொன்ன பெயர் ஒன்றுதான். லெட்டிஸ். என் அம்மா.

ராஜாவும் பார்லிமெண்டும் அடித்துக்கொண்ட காலம். அப்பா படையோடு போயிருந்தார். அம்மா இந்தக் கதவில் வந்து மோர் கேட்டாள். தாமசின் இல்லையென்றாள். அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வெண்ணெய் திரளவில்லை, லாடம் விழுந்தது. அம்மாவின் முன்கையில் தீக்காயம் இருந்தது. ரொட்டி அடுப்புக்குள் கைவிடுகிற எவளுக்கு அது இல்லை? அதை யாரும் கேட்கவில்லை. சூனியக்காரி என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சிறையில் இருந்தாள். திரும்பியபோது, குளிரில் கருகி, காலில் இரண்டு விரல் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைப் புதைத்தோம்.

இப்போது சூனிய வழக்கென்றால் நீதிபதிகள் சிரித்துத் துரத்துகிறார்கள். ஊர் சிரிப்பதில்லை, பக்கத்து ஊரில் ஒருத்தியைக் கட்டிக் குளத்தில் எறிந்தார்கள். ஆனாலும் தாமசின் புதிதாக யார்மேலும் பழி சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அப்பல்லாம் இல்லைன்னு அனுப்பிட்டா ராத்திரி தூக்கம் வராதுடா. என்ன முணுமுணுத்தாளோன்னு யோசிச்சிட்டே கிடப்பேன். இப்ப ஏழைங்களுக்குன்னு வரி கட்டறேன். அதுல கோயில்ல ரொட்டி குடுக்கறாங்க, அங்க போங்கடின்னுட்டு நிம்மதியாப் படுத்துக்கறேன்."

"எங்கம்மா பேரை மட்டும் ஏன் விடல?"

"பழகிடுச்சு. அந்தப் பேருக்கு வெண்ணெய் வருது."

இன்று அவள் மத்துக்குப் புதுக் கைப்பிடி போட வந்திருந்தேன். விடிந்ததிலிருந்து வெண்ணெய் திரளவில்லை. லாடம் அடுப்பில். அப்போது மேல்கதவில் மார்ஜரி தெரிந்தாள்; கூலி வேலைக்குப் போகிற விதவை. ஒரு கையில் சொம்பு. மறு கையில் காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது.

"கொஞ்சம் மோர் குடுங்கக்கா."

"கோயில் ரொட்டி என்னாச்சு?"

"ரொட்டிப் பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க. வேலை செய்யத் தெம்பு இருக்காம்."

"வெண்ணெயே வரல. மோர் எங்கேர்ந்துடி வரும்? போ."

மார்ஜரி வாய்க்குள் ஏதோ சொன்னாள். போகவில்லை. தாமசினின் கண் அந்தத் துணியில் நின்றது.

"கையில என்ன?"

"அடுப்பு சுட்டுடுச்சு." சொன்ன பிறகுதான் மார்ஜரிக்கு உறைத்தது. கையைப் பின்னால் மறைத்தாள். "அக்கா, என் பேரைச் சொல்லிடாதீங்க."

தாமசின் லாடத்தை எடுத்துப் பீப்பாய்க்கு மேலே பிடித்தாள். "லெட்..." என்று தொடங்கி என்னைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு மார்ஜரியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது.

பெயரில்லாமலே போட்டாள். பாலேடு சீறித் தெறித்தது. இடுக்கி தரையில் விழுந்தது. அவள் மணிக்கட்டில் ஒரு சிவப்புத் தடிப்பு எழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

தாமசின் சட்டைக்கையை விரல்நுனிவரை இழுத்து விட்டுக்கொண்டு, மார்ஜரியின் சொம்பை வாங்க மறு கையை நீட்டினாள்.