பீடி தொடாத ரத்தம் தேடி

ஊசி குத்தச் சொன்னால் கையை நீட்டுவார்கள், உண்மையைக் கேட்டால்தான் மழுப்புவார்கள். ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கிற என் ஜாதிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ரத்த அணுக்களில் குரோமோசோம்கள் உடைவது வயதாலா, புகையாலா, ஆண் பெண் வித்தியாசம் உண்டா என்று பார்க்கும் ஆய்வு எங்களுடையது. புகையே படாதவர்களின் ரத்தம் கிடைக்காவிட்டால் எதோடு ஒப்பிடுவது? அதற்காகத்தான் செங்கல்பட்டைச் சுற்றி நாயாய் அலைந்தேன்.

தீப்பெட்டி

மறைமலைநகரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அண்ணன் ஒருவர், பீடி சிகரெட் எதுவுமே கிடையாது என்று அடித்துச் சொன்னார். சந்தோஷமாக நரம்பு தேடக் குனிந்தால் சட்டைப் பையில் தீப்பெட்டி. சாமிக்கு விளக்கேற்றவா என்று கேட்டேன். மனுஷன் அசரவில்லை. "பிளட் டெஸ்ட்டுன்னாங்கோ, அதான் காத்தாலேர்ந்து தொடவே இல்ல மேடம். நாஸ்தா கூட துன்னாம வந்துகீறேன்."

எந்த வயசு?

கேளம்பாக்கம் ஃபிளாட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கிடைத்தார். நிஜமாகவே புகைக்காதவர். கும்பிடாத குறையாக உட்கார வைத்து வயதைக் கேட்டேன். எந்த வயது வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட வயது ஒன்று, அவர் அம்மா சொன்னது வேறொன்றாம். சார், வயதுதான் இந்த ஆய்வில் பாதி, சரியாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "எதை வேணும்னாலும் போட்டுக்கோங்கம்மா, பென்ஷனுக்குப் பாதிப்பு வராம இருந்தா சரி."

படாளத்து அக்கா

படாளத்தில் ஒரு வீட்டில் புருஷன் பீடி வலித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மனைவி, ஐம்பதைத் தாண்டியவர். வழக்கம்போல், "நீங்க பீடி பிடிப்பீங்களாக்கா?" என்றேன். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்பளையாண்ட கேக்குற கேள்வியா இது?"

அப்பாடா, ஒருவழியாக ஒரு ஆள் கிடைத்தார் என்று 'இல்லை' எழுதிவிட்டு ஊசியைக் குத்தினேன். குழாயில் ஏறும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார். "கண்ணாலம் கட்னதுலேர்ந்து இவரு வுடுற பொகையத்தான் நான் இஸ்துகினு கீறேன். அத்த எங்க எழுதுவ?"

புருஷன் பீடியை அணைக்கவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புகைப்பவர் பெட்டியில் வைக்க அந்த அக்கா ஒரு பீடியும் தொட்டதில்லை, புகைக்காதவர் பெட்டியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை என்பதால், அந்தக் குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன்.