காட்டுப் பாதையின் கடைசிச் சிலை

எங்கள் ஊருக்கும் கடற்களப்புக்கும் இடையில் இருக்கிற காட்டுக்குள் சிலைகள் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காடு என்றால் பெரிய காடு இல்லை. உடைமரமும் பனையும் பற்றையும், வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிற நாலைந்து கழுதைகளும்தான். அதற்குள் ஒரு பாதை வெட்டி, ஊர்க்கதைகளில் வருகிற பேய் பிசாசுகளையெல்லாம் சீமெந்தில் செய்து நிறுத்தினால் சுற்றுலாக்காரர் வந்து நடப்பார்களாம். சுற்றுலாக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் என் தேத்தண்ணிக் கடையில் இருந்து இதை விளக்கினார்.

"கண்டறியாத பேய்ச்சிலை! இருக்கிற பேயளோடயே இஞ்ச சீவிக்க ஏலாமல் கிடக்கு," என்றேன். அவரும் சிரித்தார். பாதை தொடங்குகிற இடத்தில்தான் என் கடை. வியாபாரம் கூடும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்ததால் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

சிலை செய்ய உயிலங்குளப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாரியார் வந்தார். சைவக் கோயில் கோபுரங்களுக்குப் பொம்மை செய்கிற மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். முதலாவது பனையடியில் ஒரு முனியை நிறுத்தினார். அதற்கு அப்பால், பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றித் திரிகிற கொத்தி. வளைவில், தனியே வருகிற ஆம்பிளையிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற பெண். அவளுடைய நீட்டிய கை பாதைக்கு மேலே நிற்கும்; கவனிக்காமல் போனால் தோளில் தட்டும். பட்டப்பகலிலேயே எனக்கு அந்தக் கை பிடிக்கவில்லை.

காடு முடிந்து தண்ணீர் தெரிகிற இடத்தில் கடைசிச் சிலை. அது எங்கள் கரையின் கதை. கடலுக்குள் ஒருத்தி விளக்கைக் காட்டிக் கூப்பிடுவாள். கரை என்று நினைத்து அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் போகிறவன் திரும்பி வரமாட்டான். ஆசாரியார் அவளைச் செய்யவில்லை. போகிறவனைத்தான் செய்தார். ஒரு கையை நெற்றியில் வைத்து, ஒரு காலை முன்னே எடுத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு மீன்பிடிகாரன்.

அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றது என் தங்கையின் புருஷன்.

நல்ல வளர்த்தி, நல்ல வாய். கடல் தொழிலுக்குப் போய் வந்து பின்னேரங்களில் போய் ஆசாரியாருக்கு முன்னால் நிற்பார். திரும்பும்போது என் கடையில் தேத்தண்ணி. "மச்சாள், இனி என்ர முகத்தைப் பாக்கவும் சனம் டிக்கெட் எடுக்க வேணும். நீங்கள் சும்மா பாக்கிறியள்," என்பார். "பாக்கிறதுக்கு எனக்கெல்லோ காசு தரவேணும்," என்று நானும் விடமாட்டேன். அவர் இருந்தால் கடையில் சிரிப்புக்குக் குறைவில்லை.

சிலையில் எல்லாம் முடிந்தும் இடது காது மட்டும் ஒரு உருண்டையாகவே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஆசாரியார் சொன்னார்: "உயிரோட இருக்கிற ஆளின்ர உருவத்தை நாங்கள் முழுசா முடிக்கிறேல்லை. எங்கையாவது ஒரு குறை விடுவம்." தங்கையின் புருஷனுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. திறப்புவிழாவுக்கு முதல்நாள், மிஞ்சிக் கிடந்த சீமெந்தைக் குழைத்து, தன் காதைத் தடவித் தடவிப் பார்த்து, அந்த உருண்டையைக் காதாக்கிவிட்டார். "காதில்லாமல் நிண்டால் செவிடனெண்டெல்லே சனம் சிரிக்கும்!" ஆசாரியார் வந்து பார்த்தார். கையைக் கழுவி, கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, விழாவுக்கும் நிற்காமல் போய்விட்டார். எனக்கு அது அப்போதே சரியாகப் படவில்லை. சொன்னால் என்னைப் பேயை நம்புகிறவள் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

திறப்புவிழாவுக்குப் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பாதையில் நடக்கப் போகிற சனங்களுக்காகத்தான் செபித்தார். ஆனால் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நடக்கும்போது அது சிலைகளிலும் பட்டது. முனியும் நனைந்தான், கொத்தியும் நனைந்தாள். "கொத்திக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சு," என்று நான் பகிடி விட்டேன். அந்தப் பகிடியில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். தீர்த்தம் பட்ட உருவம் என்றால் அது கும்பிடுகிற சுரூபம். அதைத் தாண்டிப் போகும்போது கை தானாக நெற்றிக்குப் போய்விடும். முனிக்கும் கொத்திக்கும் யாரும் சிலுவை போடவில்லை. கடைசிச் சிலைக்குப் போட்டார்கள். அது தங்களில் ஒருவன்தானே. தொழிலுக்குப் போகிற ஆட்கள் காலைத் தொட்டு விரலை முத்தமிட்டார்கள். பெண்கள் தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார்கள்.

"அக்கா, அவரைத் தொட்டுக் கும்பிடுகினம். உயிரோட இருக்கிற ஆளை ஆரும் கும்பிடுறதோ?" என்றாள் தங்கை. அவரோ கடையில் இருந்து வாய்விட்டுச் சிரித்தார். "நானும் ஒருக்காப் போய் என்னைக் கும்பிட்டிட்டு வாறன்," என்றார்.

தென்மேற்குச் சோளகக் காற்று எழும்பிய நாட்கள். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று, அவர் விடியக் காலை தனியே நண்டு வலை தூக்கப் போனார். பொழுது ஏறியும் வரவில்லை. ஊர் வள்ளங்கள் எல்லாம் இறங்கித் தேடின. நேவிக்காரரும் தேடினார்கள். ஆளும் இல்லை, வள்ளமும் இல்லை.

வள்ளம் கிடைக்காததுதான் எங்களுக்கு ஒரே ஆறுதல். கவிழ்ந்திருந்தால் எங்கேயாவது ஒதுங்கியிருக்குமே! எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் இந்தியக் கரையில் ஏறியிருப்பார், பிடித்து மறியலில் வைத்திருப்பார்கள். எங்கள் கரையில் அப்படிப் போய், செத்தவீடு செய்யலாமா என்று யோசிக்கிற நேரத்தில் போன் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். தங்கை அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் உயிரோடு இருக்கிறார். போனைக் கையை விட்டு இறக்கமாட்டாள். கோவிலுக்கு நிறச் சீலைதான் உடுத்துப் போவாள். அவளிடமிருந்து அந்த ஒன்றை ஊர் பிடுங்கிவிடக் கூடாது. எனக்கு வேறு யோசனையே இல்லை.

முதலாவது மெழுகுதிரியைக் கண்டது நான்தான். ஒரு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுக் களப்புப் பக்கம் போனேன். சிலையின் காலடியில், இரண்டு பாதங்களுக்கும் நடுவில், கொளுத்தப்பட்டு முக்கால்வாசி உருகிய ஒரு மெழுகுதிரி. மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் கொளுத்தினால் அது மன்றாட்டு. ஒரு மனிசனின் உருவத்துக்கு முன்னால் கொளுத்தினால் அது அவனுடைய ஆத்துமாவுக்கு. எங்கள் கரையில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உடம்பு கிடைக்காத ஆளுக்கு, வீட்டார் சம்மதிக்கும்வரைக்கும் ஒருவரும் திரி கொளுத்துவதில்லை. கொளுத்தினால் அவனைச் செத்தவன் என்று சொல்லிவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்த நாள் பார்த்துக்கொண்டிருந்து இரண்டு பெண்களைப் பிடித்தேன். விடுவேனா? "ஆரடி உங்களுக்குச் சொன்னது அவர் செத்துப்போனாரெண்டு? கண்டனீங்களோ? பிரேதத்தைக் காவினனீங்களோ?" என்று காடே அதிரக் கத்தினேன்.

"ஐயோ அக்கா, அவர் திரும்பி வரவேணுமெண்டுதான் கொளுத்துறம். தீர்த்தம் தெளிச்ச சுரூபமெல்லே," என்றாள் ஒருத்தி. அவளுடைய கண்ணில் தண்ணீர். அவள் பொய் சொல்லவில்லை. அவருக்காக அவரிடமே மன்றாடுகிறோம் என்பது அந்த மனிசிக்கு விளங்கவேயில்லை. அந்தக் கோபத்திலும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நான் எத்தனை பேரோடு சண்டை பிடிப்பது? ஒருத்தி விட்டால் இன்னொருத்தி. பக்கத்துக் கரைகளிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். தொழில் குறைந்தால் ஒரு திரி, காற்று கூடினால் ஒரு திரி. கந்தோரில் போய்ச் சிலையை எடுக்கச் சொன்னேன். திட்டம் முடிந்துவிட்டது, இனி அது தங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நானே உடைக்கப் போனேன். தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அவரின்ர தலையில அடிக்கப் போறியோ அக்கா?" என்றாள். அலவாங்கை அந்த இடத்திலேயே போட்டேன்.

பிறகு அது எங்களுக்கு ஒரு வேலையாகப் போயிற்று. பின்னேரம் ஆனால் நானும் அவளும் அந்தப் பாதையால் நடப்போம். காவோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். முனியின் வெள்ளை பூசிய கண்கள் மழையில் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தன. சுண்ணாம்புக்காரியின் கையில் யாரோ ஒரு கறுப்புச் சீலைத்துண்டைக் கட்டிவிட்டிருந்தார்கள். கழுதைகள்கூட அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன. சுற்றுலாக்காரரும் குறைந்துபோனார்கள். கடைசிச் சிலைக்கு வந்ததும் தங்கை எரிகிற திரிகளை ஊதி அணைப்பாள். நான் சிரட்டையால் மெழுகைச் சுரண்டுவேன். அவள் சிலையின் முகத்தைப் பார்க்கவேமாட்டாள்.

அவளுக்குத் துணையாக நின்றது அவளுடைய மாமி, அவரைப் பெற்றவர். எங்கள் வங்காலைக் கோவிலடியில் எல்லோரும் கேட்க மண்ணை அள்ளி எறிந்து, "என்ர பிள்ளைக்குத் திரி கொளுத்திற கை எரிஞ்சு போகும்!" என்று சொன்ன மனிசி அவர். கோவில் மூப்பர் வீட்டுக்கு வந்து, ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் என்ன என்று மெல்லக் கேட்டபோதும், "வெளியில போங்கோ," என்று படலையைக் காட்டியவர். அந்த வாய்க்கு முன்னால் என் வாய் தூசு. மாமி இருக்கும்வரைக்கும் தங்கை விழமாட்டாள் என்று நான் நம்பியிருந்தேன்.

சோளகம் அடங்கிப் போயிற்று. போன் வரவில்லை. மெழுகுப் புகை சிலையின் நாடியைக் கறுப்பாக்கி, தாடி வளர்ந்த ஆள் போலக் காட்டியது. உப்புக்காற்று கன்னத்து வர்ணத்தைத் தின்று, முகம் மெலிந்துவிட்டது. முதலில் அவருடைய சாடை கொஞ்சம்தான் இருந்தது. இப்போது பார்க்கப் பார்க்க அவராகவே வந்துகொண்டிருந்தது. மறியலில் கிடந்து வந்தால் இப்படித்தான் இருப்பார் என்று எனக்கே தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது, சொல்லுவதற்கு என்ன வெட்கம்.

ஒருநாள் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது தங்கை சொன்னாள்: "அக்கா, கண்ணை மூடினால் இந்த முகம்தான் வருது. அவரின்ர முகம் வருதில்லை."

"விசர்க்கதை கதையாதை," என்றேன். வேறு என்ன சொல்ல? அன்று வீடு வரைக்கும் அவளுடைய கையை நான் விடவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வாடைக்காற்று தொடங்கியது. அன்று பின்னேரம் வானம் இருண்டு கிடந்தது. பாதையில் ஒருவரும் இல்லை. வளைவைத் தாண்டியதும் கடைசிச் சிலையடியில் யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "ஆரது? எத்தினை தரம் சொல்லுறது!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்த உருவம் திரும்பவில்லை. கிட்டப் போய்த்தான் ஆளைக் கண்டேன்.

மாமி.

கையில் நெருப்புப்பெட்டி. முன்னால் ஒரு புது மெழுகுதிரி. அவர் குச்சியைத் தட்டினார். காற்று அணைத்தது. இன்னொன்றைத் தட்டினார். குச்சி முறிந்தது. தங்கை எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது.

"மாமி, என்ன செய்யிறியள்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

மாமி அப்போதும் திரும்பவில்லை. சிலையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உயிரோட இருந்தானெண்டால் என்னை மன்னிப்பான், பிள்ளை. இல்லையெண்டால்... இவ்வளவு நாளும் இருட்டுக்குள்ளயெல்லோ நிக்கிறான். ஒரு திரி கொளுத்த ஆக்களில்லாமல் நிக்கிறான். நான் பெத்தனான். என்னால ஏலாது பிள்ளை. இனி ஏலாது."

தங்கை பாய்ந்து அந்தத் திரியைப் பிடுங்கி எறிவாள் என்றுதான் நினைத்தேன். எறிந்தால் மாமியைத் தூக்குவதா, இவளைப் பிடிப்பதா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

தங்கை முன்னால் போனாள். முதல்தரமாக நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். நல்லாய்ப் பார்த்தாள். பிறகு மாமிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

"இஞ்சால காத்து, மாமி. அங்க வைச்சால் நிக்காது. இந்தப் பக்கம் வையுங்கோ," என்றாள்.

மாமி திரியை நகர்த்தி வைத்தார். தங்கை நெருப்புப்பெட்டியை வாங்கித் தானே குச்சியைத் தட்டினாள். திரி பற்றியதும் இரண்டு கைகளாலும் காற்றை மறைத்துக்கொண்டாள். சுடர் நேராக நின்ற பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். அவர் கடலுக்குப் போனதிலிருந்து அவள் அழுததை நான் அன்றுதான் கண்டேன்.